இத்தாலியில் சாப்பாடு கேட்க

ரஜப் பிறை 6

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். என் வீட்டுக்காரருக்கு இத்தாலிக் கப்பலில் கரி அள்ளும் வேலை. நாபோலித் துறைமுகத்தில் நெடுநாள் நிற்குமாம். அங்கே எல்லாவற்றிலும் பன்றி என்று ஊர் பயமுறுத்துகிறது. எனக்கும் அதே கவலை. தூக்கம் போச்சு.

பிறை 8

மாதா கோயில் பாதிரியார் இத்தாலிக்காரர். இவர் போய் அவரிடம் பாடம் கேட்டு வந்தார். நான் அரபுத்தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.

டோவே சி மஞ்ஜா? எங்கே சாப்பிடலாம்?
சே பெஷ்ஷே? மீன் இருக்கா?
சென்சா மயாலே. பன்றி இல்லாமல்.

நல்ல கடை எது என்று கேட்கக் கூடாதாம். துறைமுகத்து ஆட்களைப் பிடித்து "டோவே மஞ்ஜாத்தே வொய்?", நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்க வேண்டுமாம். அங்கேதான் மலிவும் ருசியும். பாதிரியார் கெட்டிக்காரர்.

பிறை 9

சோறு போட்டால் "சே பெஷ்ஷே?" என்கிறார். சிரித்து வயிறு நோகிறது. கருவாடு முடிந்தது, வாங்க வேண்டும்.

அடுத்த பாடம் நோய், வைத்தியர். பாதிரியார் வரச் சொன்னாராம். இவர் போகவில்லை.

"இது போதும் புள்ள. சாப்பாடு சரியெண்டா உடம்புக்கு என்ன வரப்போகுது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறை 11

அவரைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் ரயில் போய்விட்டது. தலையணையில் அவர் எண்ணெய் வாசம். அழுகை. வேறென்ன.

ரமலான் பிறை 20

நோன்பு. வெயில். ஒரு செய்தியும் இல்லை. கஞ்சி காய்ச்சும்போது அவர் நினைப்பு. யார் வீட்டில் நோன்பு திறக்கிறாரோ.

துல்ஹஜ் பிறை 2

கைம்பெண்ணாகத் திரைக்குள் இத்தா இருக்கிறேன். அவர் மௌத்து என்று கப்பல் கந்தோரிலிருந்து தந்தி, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இன்று கப்பல் கூட்டாளி காசிம் வந்தார். திரைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்தார்.

"லாத்தா, மச்சான் நல்லாத்தான் சாப்பிட்டவர். மீன்காரர் தங்கட வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவாங்க."

உயிர் வந்தது. பிறகுதான் மற்றதைச் சொன்னார். தனியாகக் கரைக்குப் போன அன்று வயிற்றில் பெரிய குத்துவலி. மீன் சந்தையில் விழுந்துவிட்டார். தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். டோவே மஞ்ஜாத்தே. சே பெஷ்ஷே. பசியாக்கும் என்று மீனும் ரொட்டியும் கொண்டுவந்து ஊட்டினார்களாம். வைத்தியரை ஒருவரும் கூப்பிடவில்லை. காசிம் தேடிப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சுத்தி நிண்டு அழுதாங்க லாத்தா, எல்லாரும்."

யாரைக் கோபிக்க?

பிறை 3

காசிமைப் பாதிரியாரிடம் அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்பதற்கு அவர்கள் பேச்சில் என்ன?

ஸ்தோ மாலே.

இவ்வளவுதான். அரை மூச்சில் சொல்லிவிடலாம்.