மேசைமேல் விட்டுப்போன சாவி

தர்கோவிஷ்தே,
நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் இருமல் நின்றுவிட்டது என்று ஒரு வரி வந்தால் எங்கள் சுகமும் முழுசாகிவிடும். நேலுவின் வேன் இன்று நாலு மணிக்கு ஸ்பெயினுக்குக் கிளம்புகிறது, போகிற வழியில் நம் வாசலில் ஹாரன் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறான், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கஸ்தெயோனில் உன் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிடுவான். இப்போது மணி ஒன்றரை. காலையிலிருந்து நான்கு தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால் நீ என் போனை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, அப்பாவுக்கு மட்டும் செய்தி அனுப்புகிறாய், அவரோ ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டுவதற்குள் இரண்டு முறை மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். செப்டம்பரில் நீ பஸ் ஏறிய அன்று, சமையலறை மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நம் வீட்டுச் சாவி கிடந்தது. அப்பா பார்த்துவிட்டு, "மறந்திருப்பா, விடு" என்றார். மறந்திருந்தால் வளையத்தோடு மறந்திருப்பாய். வளையமும் அதில் தொங்கும் மர மீனும் உன்னோடு போய்விட்டன, சாவியை மட்டும் தனியாகக் கழற்றி வைத்திருந்தாய். அந்த வளையம் எவ்வளவு இறுக்கம் என்று எனக்குத் தெரியும், நகம் உடையாமல் கழற்ற முடியாது. மறந்தாயா, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனாயா? இரண்டு மாதமாக இந்தக் கேள்வி என்னை ஓர் இடத்தில் உட்காரவிடவில்லை.

சரி, அது இருக்கட்டும். நீ குப்பைப் பையோடு வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டதையும், வீட்டுச் செருப்போடு இரண்டு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததையும், பக்கத்து வீட்டு பல்கேரியப் பெண் டீ கொண்டுவந்து கொடுத்ததையும் அப்பா சொன்னார். அந்த ஊர்க் கதவுகள் அப்படித்தான், காற்று தள்ளினாலே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து பிடியைத் திருப்பி ஒன்றும் செய்ய முடியாது. குப்பை கொட்டப் போனாலும் தபால் பார்க்கப் போனாலும் சாவியைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே வாசலைத் தாண்டு. கதவு நிலையில் ஒட்டியிருக்கும் பூட்டுக்காரன் ஸ்டிக்கரைப் பார்த்துக் கூப்பிட்டுவிடாதே, வந்தவன் பூட்டை உடைக்காமல் போகமாட்டான். அந்த ஊர்க்காரர்கள் இரண்டாவது சாவியைப் பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகள்தான் இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டு திரியும், தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். நான் அங்கே இருந்த வருஷங்களில் என் சாவி எம்பார் வீட்டில் இருந்தது. அவர்கள் வீடு உன் தெருவிலிருந்து பத்து நிமிட நடை, அதனால்தான் போய்ப் பார்த்து உன் சாவியையும் கொடுத்து வை என்றேன். நீயோ, "யாரு, உன் இன்னொரு பொண்ணு வீட்டுக்கா? செத்தாலும் போகமாட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாய். பதினோரு வருஷம் நான் வேலை பார்த்த வீடு, நான் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பிய எம்பாரின் மகள் மிரேயா. அவள் இன்னமும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு எழுதிக் கேட்கிறாள், "ஸ்மரந்தா எப்ப சாப்பிட வருவா, சோறு அடுப்புல இருக்கு" என்று. நான் உனக்குப் பரீட்சை என்று சொல்லி வைக்கிறேன்.

பால் பொங்கிவிட்டது, போய் அணைத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன்? இருமல். அந்த ஊரில் குளிர்காலத்தில் வெயில் வெளியே இருக்கும், குளிர் வீட்டுக்குள் இருக்கும். மத்தியானம் ஜன்னலைத் திறந்து வெயிலை உள்ளே விடு, ஐந்து மணிக்கு முன்னால் ஷட்டரை இறக்கிவிடு. சுவரில் கருப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தால் உன் இருமலுக்கு அதுதான் காரணம், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு. நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டாம் என்று வீட்டுக்காரி சொல்கிறாளாமே, "அதெல்லாம் எதுக்கும்மா, ஒரு வருஷம் படிச்சுட்டுப் போற பொண்ணுதானே" என்று இழுப்பாள், எல்லாரும் அப்படித்தான் இழுப்பார்கள், நீ விடாதே. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போ. அந்தப் பதிவுத் தாள் இல்லாமல் டாக்டரைப் பார்க்கும் அட்டையை வாங்குவதற்குள் படாதபாடு பட வேண்டும். நான் முதல் வருஷம் பதியாமலே இருந்தேன், காய்ச்சல் வந்தால்கூட யாரிடம் போவது என்று தெரியாமல் போர்வைக்குள் கிடந்தேன். கடையிலோ மருத்துவமனையிலோ வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள், யாருமில்லை என்று முன்னால் போய் நின்றுவிடாதே. உள்ளே நுழைந்ததும் கடைசி ஆள் யார் என்று சத்தமாகக் கேள், ஒரு கை உயரும், அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள், அவருக்கு அடுத்து நீ. முதல் வாரம் மீன் கடையில் கேட்காமல் போய் நின்றேன், ஒரு பெரியவர், "ஏம்மா, நாங்கல்லாம் இங்க சுவத்துக்கு முட்டுக் குடுக்கவா நிக்கிறோம்?" என்று கேட்டார், கடையே சிரித்தது, எனக்கு என்ன சொன்னார் என்று புரியாமல் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். தெருவோர மரத்து ஆரஞ்சைப் பறிக்காதே, கசப்பு காதுவரை ஏறும். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை, சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற நேரம், யார் வீட்டு மணியையும் அடிக்காதே. ஒருநாள் காபி குடிக்கலாம் என்று கூடப் படிக்கிறவர்கள் சொன்னால் மறுநாளே காத்துக்கொண்டு நிற்காதே, அது அவர்கள் விடைபெறுகிற விதம், கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தேதியும் நேரமும் சொன்னால்தான் நிஜம்.

இன்னொன்று, யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் காலணியைக் கழற்றாதே. நமக்குக் கை தானாகப் போகும், அவர்களுக்கு அது விசித்திரம். வேலைக்குப் போன முதல் நாள் எம்பார் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு, காலுறை ஓட்டையில் கட்டைவிரல் தெரிய நின்றேன். "தரை ஜில்லுனு இருக்கு ஒத்தீலியா, போட்டுக்க, இங்க யாரும் கழட்டமாட்டோம்" என்றாள் எம்பார். காலணி என்றதும் அன்று போனில் நீ கேட்டதுதான் காதில் வந்து நிற்கிறது. "அந்த ஊர்ல சந்து பொந்தெல்லாம் உனக்கு அத்துப்படி, என் கால் சைஸ் என்னன்னு தெரியுமாம்மா?" என்றாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நீ கேட்ட அன்று எனக்குத் தெரியாது. உனக்கும் மிரேயாவுக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம், அதனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் காலில் போட்டு, கடைக்குள் நடக்கவிட்டுப் பார்த்து உனக்கு வாங்கி அனுப்பினேன். அவளுக்குச் சின்னக் கால், உனக்கு உன் அப்பாவின் கால். நீ ஒரு வருஷமாவது பத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். போன் செய்தால், "நல்லா இருக்கும்மா, பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போறேன்" என்றாய். நான் திரும்பி வந்த பிறகு உன் அலமாரிக்கு அடியில் பெருக்கும்போது ஏழு ஜோடி கிடைத்தது, ஒன்றின் அடியும் தேயவில்லை. அன்றும் உன்னிடம் கேட்கவில்லை, தூசி தட்டித் திரும்ப அங்கேயே வைத்தேன். மிரேயாமேல் எனக்குப் பாசமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தோளில் தூங்கிப்போகிற குழந்தையிடம் சம்பளத்துக்கு மட்டும் அன்பு காட்ட எனக்குத் தெரியவில்லை. உன் பங்கிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தேனா என்று கேட்டால், ஆமாம், கொடுத்தேன். அவளுக்குப் பல் விழுந்த நாளெல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு எப்போது விழுந்தது என்று அப்பாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மணி மூன்று ஆகிறது. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன், அப்பா, "உக்காந்து எழுது, இல்லன்னா நடந்துட்டு வந்து எழுது, ரெண்டையும் ஒண்ணா செய்யாத" என்கிறார். நீ படியில் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டதிலிருந்து எனக்கு நம் வீட்டுப் படி ஞாபகமாகவே இருக்கிறது, அதை உனக்குச் சொல்ல வேண்டும். நான் ஸ்பெயினுக்குப் போன பிறகு முதல்முறையாக வீட்டுக்கு வந்த டிசம்பர், உனக்கு ஆறு வயது. இரண்டரை நாள் பஸ்ஸில் வந்து, பெட்டியை மூன்று மாடி இழுத்து, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டேன். உள்ளே நுழையவில்லை. நடுவில் பூட்டு கெட்டுப்போய் அப்பா புதிதாக மாட்டியிருந்தார், என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். மணி அடித்தேன். சங்கிலியை எடுக்காமலே நீ ஒரு விரல் அளவு கதவைத் திறந்து, "அப்பா ரொட்டி வாங்கப் போயிருக்காரு. உங்களுக்கு யாரு வேணும்?" என்று கேட்டாய். அம்மா என்று சொன்னேன். நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா வந்ததும் வாங்க" என்று கதவைச் சாத்தினாய். சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் செய்தாய், உன்மேல் துளியும் குற்றமில்லை. அப்பா வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். கைப்பைக்குள் எம்பார் வீட்டுச் சாவி இருந்தது, அது எந்த நேரமும் திறக்கும். அதன் பிறகு புதுச் சாவி ஒன்றை அப்பா எனக்கும் கொடுத்தார், ஆனாலும் வரும்போதெல்லாம் மணி அடித்தே வந்தேன். நீ திறக்கிறாயா, முகம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. சொந்த வீட்டில் மணி அடித்துவிட்டு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் ஸ்மரந்தா.

அதனால் எம்பார் வீட்டுக்குப் போ என்று இனிமேல் சொல்லமாட்டேன். மிரேயாவிடமும் பரீட்சை என்று பொய் சொல்லாமல், உனக்கு வர மனமில்லை என்றே எழுதிவிடுகிறேன், அவள் புரிந்துகொள்வாள். உன் இரண்டாவது சாவியை அந்த பல்கேரியப் பெண்ணிடம் கொடு. கூப்பிடாமலே டீயோடு படிக்கு வந்தவள், அவளைவிட நல்ல ஆள் எதற்கு? பொட்டலத்தில் கத்தரிக்காய்த் தொக்கு இரண்டு பாட்டில் இருக்கிறது, ஒன்று அவளுக்கு. கம்பளிக் காலுறை நான் பின்னியது, உன் பழைய குளிர்க்காலணியை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டே பின்னினேன், நாற்பது. இடது காலுறைக்குள் கையை விட்டுப் பார், நம் வீட்டுச் சாவி இருக்கும். மறந்தாயா, வேண்டுமென்றே வைத்தாயா என்று இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் கேட்டேன், அதற்குப் பதில் எழுத வேண்டாம். வேண்டுமென்றே வைத்திருந்தால் உனக்குக் காரணம் இருக்கிறது. வளையத்தில் மாட்டப் பிடிக்காவிட்டால் ஏதாவது டப்பாவில் போட்டு வை, தூக்கி மட்டும் போட்டுவிடாதே. பூட்டைத் தொடக்கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். என்றைக்காவது மாற்ற வேண்டி வந்தால் புதுச் சாவி முதலில் உன் கைக்கு வரும், பிறகுதான் பழைய பூட்டைக் கழற்றுவார்.

நேலு கீழே ஹாரன் அடிக்கிறான், நாலு ஆகப் பத்து நிமிடம் இருக்கிறது, அவனுக்கு எப்போதும் அவசரம். கடவுளின் அன்னை உன்னை இருமலிலிருந்தும் தனிமையிலிருந்தும் காப்பாற்றட்டும், படிப்பு கைகூடட்டும், போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும். ஷட்டரை ஐந்து மணிக்கு முன்னால் இறக்க மறக்காதே. கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் சரி, ஈஸ்டருக்கு வந்தாலும் சரி, இன்னும் இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் சரி, மணி அடிக்காதே. நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

உன் அம்மா,
ஒத்தீலியா