கவுண்டரில் இருந்த சஹர்

நர்சுகள் விடுதி, ஆம்பூர்

அன்புள்ள அப்பாவுக்கு, யோகலட்சுமியின் வணக்கம். உங்கள் இருமல் நின்றுவிட்டதா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? எனக்குக் கொரோனா இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. பயப்படாதீர்கள்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் சஹர், ரம்ஜானுக்கு நம் வீட்டுக்குப் பிரியாணி அனுப்பினாளே, அவளையே நேற்று என் கொரோனா வார்டில் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நான் ஆக்சிஜன் மாட்டும்போது, "நான் வார்டுக்குள்ள வந்ததே இல்லியே யோகா, எனக்கு எப்டி?" என்று கேட்டாள். வார்டு நர்சுகள் எங்களுக்கு முழுக் கவச உடை கொடுத்திருக்கிறார்கள். இருமிக்கொண்டு வருகிற எல்லாரையும் முதலில் பார்க்கிறவள் அவள். அவளுக்கு ஒரு துணி மாஸ்க்தான்.

இன்று காலை டியூட்டி முடிந்த நர்சுகள் எல்லாரும் மேனேஜர் அறை வாசலில் நின்றோம். "கவுண்டருக்கும் நல்ல மாஸ்க் குடுங்க சார், அப்பதான் நகருவோம்" என்றோம். மதியமே கொடுத்துவிட்டார்கள். சஹருக்கு இன்னும் மூச்சு சீராகவில்லை.

தம்பி கோபிநாத்திடம் பழைய லுங்கி இரண்டு கொடுத்தனுப்புங்கள்; வியர்வை துடைக்க வேண்டும். விடுதி கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள், மாடியிலிருந்து அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

வார்டு வேண்டாம், கவுண்டர் வேலை கேட்டு வாங்கு என்று அம்மா தினமும் சொல்கிறாள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
யோகா