சட்டைப்பையில் இருந்தது

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இஸ்திரிப் பெட்டி பட்டு அம்மாவுக்குக் கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டதா?

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். ஃபோனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். போன வாரம் பல்வலி என்று சொல்லி வாயை மூடுவதற்குள், தேய்த்த துணியை வாங்க வந்த யாரோ, “கிராம்பு வைக்கச் சொல்லுங்க” என்று குரல் கொடுத்தார். அன்றைக்கே பல்வலியும் நெட்டில் வந்துவிட்டது. மெசேஜ் அனுப்பினால் அதைப் படம் பிடித்து நெட்டில் போட்டுவிடுகிறீர்கள். ஒட்டிய உறையை அப்படிச் செய்ய முடியாது.

ஒரு வேண்டுகோள் அப்பா. நெட்டில் உங்கள் ‘பொத்தான் அப்பா’ பக்கத்திலிருந்து என் படங்களை எடுத்துவிடுங்கள். அடையாள அட்டை, விடுதி வாசல், ஜன்னல், நான் ஏறும் பஸ், எல்லாவற்றையும். சின்ன வயதில் நம் சலவைக்கடையில் உதிர்ந்த பொத்தான்களைப் பொறுக்கியதற்காக வீட்டில் எனக்கு வைத்த பெயர் அது. ஊரே என்னை அப்படிக் கூப்பிடுவது கூச்சமாக இருக்கிறது.

அவ்வளவுதான். கோபம் வேண்டாம்.

உங்கள்
பொத்தான்

*

மார்ச் 9

அன்பு மகள் பொத்தானுக்கு அப்பா எழுதுவது.

அம்மா கை ஆறிவிட்டது. ஆறவில்லை என்று சொல்லித்தான் இன்னும் என்னைச் சமைக்க வைக்கிறாள்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நம் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நீ. நான் எட்டாவதோடு நின்றவன். உன் அடையாள அட்டைப் படத்துக்கு முந்நூறு பேர் லைக் போட்டார்கள். இத்தனை வருடம் இத்தனை பேருக்குச் சட்டை தேய்த்தும், முந்நூறு பேர் என்னை ஒரே நாளில் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா சொல்கிறாள், “லேப்ல வேலை பாக்குற பொண்ணு. அப்பன் இஸ்திரி போடுறவன்னு நாலு பேருக்குத் தெரிய வேணாம்னு நெனச்சிருப்பா.” நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக ஒரு காலர்கூட நேராக வரவில்லை.

கூச்சம் மட்டும்தானா? உண்மையைச் சொல்லு.

அப்பா

*

மார்ச் 14

அன்புள்ள அப்பா,

சொல்லிவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

போன மாதக் கடைசியில், வேலை முடிந்து விடுதிக்கு வந்ததும் வார்டன் அம்மா, “உங்க சித்தப்பா ஒரு மணி நேரமா காத்துட்டிருக்கார்” என்றார். எனக்கு ஏது சித்தப்பா? உள்ளே ஐம்பது வயதுக்காரர் ஒருவர். அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. “என்ன பொத்தான், பல்வலி தேவலையா?” என்றார்.

என் பஸ் நம்பர் அவருக்குத் தெரிந்திருந்தது. வியாழக்கிழமை எனக்கு அரை நாள் வேலை என்பது தெரிந்திருந்தது. “பச்சை பக்கெட் இருக்கிற ஜன்னல்தானே உன்னுது?” என்றார். வீட்டில் அம்மா மட்டும் கூப்பிடும் தொனியில் என் பெயரைச் சொன்னார். “உங்கப்பாவோட நெட் பக்கத்துல தெனமும் உன்னைப் பாக்குறேனே, என்னைப் போய் யாருன்னு கேக்குறியே” என்று சிரித்தார். சனிக்கிழமை திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வந்தார். காவலாளி உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்க மரத்தடியில் இருட்டும்வரை நின்றிருந்தார்.

வார்டன் அம்மா போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னைத் தெருவைப் பார்க்காத வேறு அறைக்கு, இரண்டாவது மாடியின் பின்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார். அதனால் நீங்கள் கிளம்பி வர வேண்டாம்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், உங்களுக்கு வலிக்கும் என்றுதான். வெட்கம் என்று அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேலையில் சேர்ந்த அன்று படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘சலவைக்கடை, சொந்தம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டுங்கள்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, தேய்க்க வந்த யாரோ ஒருவர் சட்டைப்பையில் மடித்த கடிதம் இருந்தது. நான் பிரித்துவிட்டேன். நீங்கள் அதை வாங்கி, டோக்கன் நம்பர் எழுதிய உறைக்குள் போட்டு, துணியோடு சேர்த்து ஊசி குத்தினீர்கள். “அது அவங்களோடது. நம்ம கைக்கு வந்துட்டதால நம்மளது ஆயிடாது” என்றீர்கள். என் பல்வலியும் என் ஜன்னலும் என் பெயரும் அப்படித்தான் அப்பா. உங்கள் கைக்கு வந்தவை.

பொத்தான்

*

மார்ச் 19

பொத்தானுக்கு,

கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னால் உனக்கு இப்படி. அம்மா என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதே நல்லது, பேசினால் தாங்க மாட்டேன்.

உடனே ஒரு வேலை செய்தேன். என் நெட் பக்கத்தில் எல்லாருக்கும் கண்டிப்பாக அறிவிப்புப் போட்டுவிட்டேன். ‘என் மகள் தங்கியிருக்கும் விடுதிக்கு அறிமுகமில்லாத ஆள் வந்ததால் அவளை இரண்டாவது மாடிப் பின்பக்க அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இனி யாரும் அவளைத் தேடிப் போக வேண்டாம்.’ நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். இனி உனக்குப் பயமில்லை.

அப்பா

*

மார்ச் 23

அப்பா,

அறிவிப்பைப் பார்த்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பக்கத்து அறைப் பெண்ணிடம் காட்டினேன், அவளும் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினோம்.

உங்களைத் திட்ட எழுதவில்லை. நேற்று லேபில் ஒன்று நடந்தது. ஓடி வந்து பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு, இதை அப்பாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை. இனி பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த ஆள் வந்து நின்றபோது பட்ட பயத்தைவிட இதுதான் அதிகம்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 2

மகளுக்கு,

கடிதத்தின் அடியில் பொத்தான் என்று இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பத்து நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வந்த அன்றைக்கே அறிவிப்பை எடுத்துவிட்டேன். அப்புறம் உன் படங்கள். இருநூற்றுப் பதினான்கு. மொத்தமாக அழிக்க வழி இருக்கிறதாம், ஃபோன் ரிப்பேர் கடைக்காரர் சொன்னார். நான் ஒவ்வொன்றாகவே எடுத்தேன். எடுக்கும்போதுதான் கவனித்தேன், உன்னைக் காட்டிய படத்திலெல்லாம் உன்னைவிட மற்றதுதான் அதிகம் தெரிந்தது. வாசல் பலகை, தெருப் பெயர், அட்டையில் நம்பர்.

அந்த நெட் பக்கத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் இருந்தார்கள். முகத்தை வைத்து எனக்கு யாரையும் தெரியவில்லை. யாருடைய சட்டையை எனக்குத் தெரியுமோ அவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு பேர். பக்கத்துக்குக் கடைப் பெயரையே வைத்துவிட்டேன். பூட்டியும் வைத்திருக்கிறேன், வெளியாள் பார்க்க முடியாது. ‘பல்வலி தேவலையா பொத்தான்’ என்று அங்கேயும் எழுதியிருந்த அந்த ஆளின் பெயரையும் படத்தையும் வார்டன் அம்மாவுக்கு அனுப்பினேன், போலீஸில் கொடுக்க.

லேபில் என்ன நடந்தது என்று கேட்க மாட்டேன். அது உன் பையில் இருப்பது.

அப்பா

*

ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

போலீஸ் அந்த ஆளைக் கூப்பிட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் மரத்தடி காலி. ஆனாலும் வார்டன் அம்மா தினமும் ஒரு தடவை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்.

நீங்கள் கேட்கவே இல்லை. அதனால் சொல்கிறேன். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. சேர்ந்த ஒன்பது பேரில் மூன்று பேருக்குத்தான். குடிதண்ணீர்ப் பரிசோதனைப் பிரிவில் இனி என் கையெழுத்து இல்லாமல் முடிவு வெளியே போகாது. பெரிய அதிகாரி கை கொடுத்தபோது என் கையெல்லாம் வேர்வை. அவர் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

இதை ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் உங்களைத் தெரியும், வயிறு வெடித்துவிடும். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். யார் என்பது உங்கள் இஷ்டம்.

பொத்தான்

*

ஏப்ரல் 13

அன்பு மகள் பொத்தானுக்கு,

கடிதம் வந்தபோது கடையில் கூட்டம். படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஃபோனைத் தூக்கி அழுக்குத்துணிக் கூடையின் அடியில் போட்டேன். இரண்டு தடவை கை கூடைப்பக்கம் போனது. இரண்டு தடவையும் கூடையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பேங்க்காரர் வந்து, “என்னய்யா, சிரிச்சுக்கிட்டே தேய்க்கிற?” என்றார். “சும்மாதான் சார்” என்றேன். அன்றைக்கு நாற்பத்தாறு சட்டை. காலர் எல்லாம் கத்தி மாதிரி நின்றது.

யாரிடம் சொல்வது என்று சாயங்காலம்வரை யோசித்தேன். பேங்க்காரரா, உன் பழைய டீச்சரா, ரிப்பேர் கடைக்காரரா? ஊரில் இருப்பவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். வீட்டில் இருப்பவள் ஞாபகத்துக்கே வரவில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

மறுநாள் காலையில் அம்மா என் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் உன் கடிதம். பிரிக்கவில்லை. கடை உறை ஒன்றுக்குள் போட்டு, நம்பர் எழுதும் இடத்தில் ‘உங்களுது’ என்று எழுதி நீட்டினாள். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது.

நான்தான் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே கடைசிவரை படித்தாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “சரி, நான் யாருகிட்ட சொல்றது?”

அவளுக்கும் ஒரு ஆள் உண்டா? பதில் போடு. அதுவரை இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டோம்.

அப்பா