திரை கிழிந்த கோயிலில் தட்டி எதற்கு

தூத்துக்குடி
14-9-1948

அன்பு மகள் பிளாரன்ஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் புதிதாய்க் குட்டி போட்ட ஆடும் சுகம். பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதே சுகத்தோடு இருக்கவேண்டும் என்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். நீ கேட்ட கருப்பட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அடுத்த கப்பலில் வரும். மற்றதெல்லாம் பிறகு, நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. உன் அம்மா கோயிலில் பேசினாளடி! நாலாம் வகுப்புப் படித்தவள் சபை நடுவில் நின்று முக்கால் மணி நேரம் பேசினாள், பேசியதோடு நிற்காமல் தொபீரென்று விழவும் செய்தாள். சிரித்தால் சிரித்துக்கொள், நானே ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெண்கள் பண்டிகைக்கு எருசலேம் தேவாலயத்தைச் சின்னதாகச் செய்து காட்டவேண்டும் என்று நம் குருவானவருக்கு ஆசை. அப்பா உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து ராப்பகலாக உட்கார்ந்து செய்தார். ஆசாரியர்கள் கைகால் கழுவும் பெரிய வெண்கலத் தொட்டிக்கு ஒரு முத்துச் சிப்பி, அதைத் தாங்கும் பன்னிரண்டு காளைகளுக்குப் பனங்கொட்டை. செதுக்கியதில் நாலு ஆடு மாதிரியும் ஒன்று அப்படியே பன்றி மாதிரியும் வந்துவிட்டது, யூதர் ஆலயத்தில் பன்றியா என்று பதறி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தோம். தலைமை ஆசாரியரைத் தவிர யாரும் நுழையக்கூடாத மகா பரிசுத்த இடத்துக்கு முன்னால் தொங்கும் திரைக்கு என் அரக்குப் பட்டின் முந்தானையில் அப்பா ஒரு சாண் வெட்டியிருக்கிறார், என்னிடம் கேட்கவே இல்லை. எல்லாம் முடிந்து பண்டிகை நாள் வந்தபோது குருவானவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா, நீங்களே விளக்கிச் சொல்லுங்கள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

ஆரம்பித்ததும் நாக்கு தானாக ஓடியது. பலி போடும் இந்தப் பீடம்தான் பிறகு சிலுவை ஆயிற்று, ஒரே பலி, அதோடு முடிந்தது என்றேன். இந்தச் சிப்பித் தொட்டிதான் நம் ஞானஸ்நானத் தொட்டி, மேசைமேல் இருக்கும் அப்பங்கள்தான் நம் திருவிருந்து, தூபப் புகைதான் நம் ஜெபம், அங்கே நிழலாக இருந்ததெல்லாம் இங்கே நிஜமாக வந்தது என்றேன். பிற்காலத்து ஆலயத்தில் அந்நியர்கள் தாண்டக்கூடாத சுவர் ஒன்று இருந்ததையும் சொன்னேன். ஆண்டவர் உயிர் விட்ட நேரத்தில் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது, இனி யாருக்கும் தடை இல்லை என்று சொல்லி என் பட்டை நானே சர்ரென்று இரண்டாகக் கிழித்தேன். சபையே ஆ என்றது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். நம் கோயிலின் பின்பக்கம் ஒரு கிடுகுத் தட்டி உண்டு, அது நீ கப்பல் ஏறிய பிறகு வந்தது. முத்தையாபுரத்து உப்பளத்துக் குடும்பங்கள் அதற்கு அந்தப் பக்கம் பாயில் உட்காருவார்கள். சாதி என்ற வார்த்தையைச் சொல்லாமலே சாதி பார்ப்பதற்குக் கமிட்டி கண்டுபிடித்த வழி. கட்டியது யார் தெரியுமா, உன் அப்பாதான். தட்டிக்குப் பின்னால் பிச்சம்மாள் எழுந்து நின்று, “ஏம்மா, தெரை கிழிஞ்சிட்டுன்னு சொல்லுதீகளே, அப்பம் இங்கன இந்தத் தட்டி எதுக்கும்மா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கமிட்டித் தலைவர் பால்துரை அண்ணாச்சி எழுந்து, “ஏலே ஜெபசிங், ஒம் பொண்டாட்டிய உக்காரச் சொல்லுடே” என்றார். அப்பா வேலை பார்க்கும் கிடங்கு அண்ணாச்சியுடையது. அது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் கால் என்னவோ நேராகத் தட்டியிடம் போய்விட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. மூச்சுப் பிடித்து இழுத்தேன், பாதி பிய்ந்து என்மேலேயே சாய்ந்தது, நான் கிடுகுக்கு அடியில்! பிச்சம்மாள்தான் ஓடிவந்து தூக்கினாள், தலையெல்லாம் ஓலை, அவளும் சிரிக்கிறாள் நானும் சிரிக்கிறேன், இருவருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. அப்பா மடியிலிருந்த பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். “கட்டுனவன் நாந்தான் அண்ணாச்சி, முடிச்சு எனக்குத்தான் தெரியும்” என்று சொல்லி ஒவ்வொரு கயிறாக அறுத்தார். ஒன்றையும் விடவில்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசையை மகளுக்கு எழுதக்கூடாது.

அண்ணாச்சி குடும்பத்தோடு வெளியே போய்விட்டார். மறுநாள் அப்பா கிடங்குக்குப் போகும்போது வேலை போய்விட்டது என்ற சொல்லோடுதான் திரும்புவேன் என்றே சொல்லிவிட்டுப் போனார், எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அண்ணாச்சி போகச் சொல்லவும் இல்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை, இன்றுவரை அப்படித்தான். நேற்று முன்தினம் ஞாயிறு, திருவிருந்து. அண்ணாச்சி பிந்தித்தான் வந்தார். பீடத்தின் முன்னால் முழங்கால் போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது, பிச்சம்மாளின் புருஷன் பிச்சையாவுக்குப் பக்கத்தில். நின்றார், நின்றார், பிறகு முழங்கால் போட்டார். பிச்சையா குடித்த திராட்சரசப் பாத்திரம் அவரிடம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிறவர் மாதிரி ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். எழுந்து போகும்போது கண்ணைத் துடைத்தார் என்று அப்பா சொல்லுகிறார், மூக்கைத்தான் துடைத்தார் என்று நான் சொல்லுகிறேன். எதுவானாலும் குடித்தாரே, அது போதும்.

சின்னவளுக்கு வெயிலில் குல்லா போடாமல் விடாதே, மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசாதே, பேசினாலும் சாப்பாட்டுக்குப் பிறகு பேசு. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்து, போக்கிலும் வரத்திலும் காப்பாராக. மறக்காமல் ஒன்று மட்டும் பார்த்து எழுது: உங்கள் பினாங்குக் கோயிலில் கடைசி வரிசையில் யார் உட்காருகிறார்கள்?

உனக்கு எப்போதும் முத்தங்களோடு,
அம்மா ஞானசௌந்தரி ஜெபசிங்