கம்பளத்தைக் கெடுத்தது நான்தான்

சேசு மரி சூசை துணை

முத்தியால்பேட்டை,
9-9-1984

அன்பு மகள் ஸ்டெல்லாமேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பிரான்சில், மர்சேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினம் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். உன் தம்பி அமலநாதனுக்கு மில்லில் இந்த மாதம் பகல் ஷிப்டு. அவன் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், வாரத்துக்கு ஒரு ஸ்லேட்டு உடைக்கிறான். உன் கடைசிக் கடிதத்துக்கு இரண்டு மாதமாக நான் பதில் போடவில்லை, உடம்பு சரியில்லையோ என்று நீ பயந்திருப்பாய். எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். நீ கிறிஸ்துமசுக்கு வந்தபோது சுமந்துகொண்டு வந்த சிவப்புக் கம்பளத்தை நம் மருமகள் ஞானமேரி வெந்நீரில் ஊறவைத்துக் கெடுத்துவிட்டாள், கிராமத்துப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா, அது பொய் அம்மா. கெடுத்தது நான்.

குருத்து ஞாயிறு அன்று எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். முட்டிவலி என்று நான் மட்டும் வீட்டில் இருந்தேன். கூடத்தில் திருஇருதயப் படத்துக்கு எதிரே விரித்திருந்த அந்தக் கம்பளத்திலேயே ஒரு தலையணையைப் போட்டுச் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வேட்டியும் நனைந்திருந்தது, கம்பளமும் நனைந்திருந்தது. மகளிடம் எழுதக்கூடிய விஷயமா இது, ஆனாலும் எழுதுகிறேன். அவர்கள் வருவதற்குள் கழுவிவிடவேண்டும் என்கிற பதற்றத்தில் குளிக்கப் போட்டிருந்த வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன், இரண்டு கை சலவை சோடாவை அள்ளிப் போட்டேன், கிணற்றடியில் தரை தேய்க்கிற தென்னை நார் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தேன். சிவப்புச் சாயம் ரத்தம் மாதிரி ஓடி, நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்த வெள்ளைப் பூவெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. கம்பளி திரண்டு கட்டி கட்டியாகிவிட்டது. சோறு வடிக்கவேண்டுமே என்று ஞானமேரி மற்றவர்களுக்கு முன்னால் வந்தாள். ஈர வேட்டியோடு நின்ற என்னைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள். மாமா, நீங்க போயி குளிச்சிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன் என்று பிரஷ்ஷை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் குளித்துவிட்டு வெளியே வருகிறேன், அமலநாதன் வந்து நின்று கத்துகிறான், எவ வெந்நீர ஊத்தனது, அக்கா ஆசையா கொண்டாந்ததுடி இது என்று. அவள் தலையைக் குனிந்தபடி, நான்தான், கறையா இருந்திச்சி, போயிடும்னு பாத்தேன் என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பேசாமல் நின்றேன்.

அன்றைக்கு வாயை மூடியது போதாதென்று உனக்கும் அப்படியே எழுதினேன். நீ பதில் எழுதினாய், நான் வாங்கிக் கொடுக்கிற சாமானை அவள் கையில் விடாதீர்கள் என்று. அமலநாதன் படியுங்கப்பா என்றான், கண்ணாடி போட்டுக்கொண்டு நானே சத்தமாகப் படித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றிலிருந்து நீ அனுப்பிய மிக்சியை அவள் தொடவில்லை, மசாலாவை அம்மியில்தான் அரைத்தாள். ஒவ்வொரு நாளும் அந்த அம்மிச் சத்தம் என் காதில் விழுந்தது, அப்போதும் நான் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முட்டிக்குக் காட்டலாம் வாங்க மாமா என்று என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது அது முட்டி டாக்டர் இல்லை என்று. எனக்கு மறுபடி இரண்டு மூன்று தடவை அப்படி ஆனதை அவள் கவனித்து, வேட்டியை யாருக்கும் தெரியாமல் அலசிப் போட்டிருக்கிறாள். வயசானவங்களுக்கு வர்றதுதான், மாத்திரையில் அடங்கும் என்றார் டாக்டர். நீ கவலைப்படாதே, இப்போது தேவலை. திரும்பி வரும் வழியில் பெரிய மார்க்கெட்டில் இறங்கி, இன்னிக்கு என்னா மீன் வாங்கட்டும் மாமா என்று ஒன்றுமே நடக்காத மாதிரி கேட்டாள். அன்று சாப்பிடும்போது அமலநாதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஞானமேரிக்குத்தான் கோபம் வந்தது, என் மேல். இவ்ளோ நாளு நான் திட்டு வாங்கனது எதுக்கு மாமா, இப்பிடி நீங்களே போட்டு ஒடைக்கவா என்று சொல்லி அழுதாள். மறுநாள் அமலநாதனே மிக்சியை எடுத்து அடுப்பங்கரையில் வைத்தான், மன்னிப்பு என்று வாயால் கேட்கத்தான் அவனுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மூன்று பேருமாக, பரணில் சுருட்டிக் கிடந்த கம்பளத்தை எடுத்தோம். அவள் சொன்னபடி முதலில் மாடியில் போட்டு அடித்துத் தூசியை உதறினோம், பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரைப் பச்சைத் தண்ணீரில் கலந்து கையால் அமுக்கி அமுக்கி எடுத்தோம், கம்பளியை முறுக்கிப் பிழியவே விடவில்லை அவள். நனைந்த கனத்தை அமலநாதன் ஒருவனே தூக்கிச் சுவரில் போட்டான். வெயில் படாமல் இரண்டு நாள் காய்ந்தது. நாற்றம் போய்விட்டது. பூ ரோஸாகத்தான் இருக்கிறது, அது இனி மாறாது.

ஸ்டெல்லா, நீ எனக்குப் பதில் எழுதவேண்டாம். அடுத்த கடிதம் ஞானமேரி பெயருக்கு வரவேண்டும், உறையின் மேலும் அவள் பெயர்தான் இருக்கவேண்டும். நீ கோபப்பட்டதற்குக் காரணம் நான், ஆனால் அந்த வார்த்தைகள் போய் விழுந்தது அவள்மேல். குளிர் வருகிறது, பிள்ளைகளுக்குக் காதை மூடிவிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர். மாதா உங்கள் குடும்பத்தைத் தன் முந்தானையில் மூடிக் காக்கட்டும்.

இதை ஒட்டுவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினேன். நனைந்த விஷயத்த மட்டும் அடிச்சிடுங்க மாமா, அண்ணி அவ்ளோ தூரத்துல இருந்துகினு கவலப்படுவாங்க என்கிறாள். நான் அடிக்கவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா
தனிஸ்லாஸ்