நிறையாத குழி

அமரவிளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

பிரசீதா எழுதுவது. மாமாவும் அஞ்சுவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நேற்றுக்கூடப் போனில் பேசியவள் இன்றைக்கு எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று பயந்திருப்பீர்கள். நம் வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இது போனில் சொல்ல முடியாத விஷயம். காது மந்தமானதிலிருந்து மாமாவுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். நீங்கள் அங்கே தும்மினால் மதிலுக்கு அப்பால் இருந்து அம்மிணி அக்கா "ஷிஜுவுக்குச் சளியா?" என்று கேட்கிறார். உங்கள் பக்கமோ ஒரு அறையில் ஆறு பேர், ஒருவர் போனை இன்னொருவர் எடுத்துப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை பொழியூர் அனூப் லீவு முடிந்து ஓமானுக்கு, உங்கள் சோஹாருக்கே திரும்புகிறார். கவரை ஒட்டிக் கொடுத்தால் ஒட்டினபடியே கொண்டு சேர்க்கிற மனிதர். சனிக்கிழமை உங்கள் கையில் இருக்கும். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

"வைஃபுக்கு வாட்டர் ஆபீஸில் வேலை" என்று நீங்கள் அங்கே சொல்லி வைத்திருப்பதையும் அனூப்தான் சொன்னார். எனக்குக் கோபமில்லை. தண்ணீர்தானே, கொஞ்சம் கலங்கின தண்ணீர். ஆனால் நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டுத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது.

வீடுகளின் கக்கூஸ் குழியை உறிஞ்சிய லாரிகள் முன்பெல்லாம் ஆள் நடமாட்டமில்லாத ஓடையிலோ வயலிலோ திறந்துவிட்டுப் போகும். இப்போது எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகின்றன. முதலில் கம்பி வலை. துணி, நாப்கின், பிளாஸ்டிக், ஒருதடவை ஒரு ரிமோட் என்று அதில் அகப்படாதது கிடையாது. பிறகு தொட்டிகளில் அடங்கும். சேறு மணலில் காயும், தெளிந்த நீர் கல்வாழைப் பாத்திகளில் ஊறி மறுபக்கம் வரும். நிலையத்தை நடத்துகிற சோமன் அண்ணன் அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டுவார். குடிக்கச் சொல்லமாட்டார், தென்னைக்கு விடலாம் என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து இதைக் காட்டுவதும், வீடு வீடாகப் போய்ச் சொல்வதும் என் வேலை. மலையாளத்திலும் தமிழிலும் கக்கூஸைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவேன் என்பதால்தான் எனக்கு இது கிடைத்தது.

வீடுகளில் நான் சொல்வதில் முக்கியமானது ஒன்றுதான். கழிவுத் தொட்டி என்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது நிறைய வேண்டும். நிறையவே இல்லை என்றால் அது ஒழுகுகிறது. ஒழுகுவது சரிவைப் பார்த்துப் போகும், சரிவில் யாருடைய கிணறு இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். இரண்டு வருஷமாக இதைத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன். நம் வீட்டுக் குழி பதினாறு வருஷமாக நிறையவில்லை, அத்தான்.

கல்யாணம் முடிந்து நான் வந்த வாரம் நீங்களே என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். "நாலு சிமெண்டு ரிங்கு எறக்கி அடியில வெறும் மண்ணா விட்டிருக்கேன். நம்ம பேரப்பிள்ளைக காலத்திலயும் நெறயாது, கேட்டியா" என்றீர்கள். புதுப்பெண்ணுக்குக் காட்ட வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று சிரிப்பு வந்தாலும், கெட்டிக்காரர் என்று பெருமையாகவும் இருந்தது. ஊருக்கும் அப்படித்தான் இருந்தது. ஷிஜு போட்ட குழி நிறையாது என்பதற்காகவே உங்களைத் தேடி வந்தார்கள். இந்த வார்டில் மட்டும் இருபதுக்கு மேல் போட்டிருப்பீர்கள்.

ஆகஸ்டில் அஞ்சுவின் வகுப்பு நிலையத்துக்கு வந்தது. யார் வீட்டில் எப்போது குழி எடுத்தார்கள் என்று சோமன் அண்ணன் பிள்ளைகளைக் கேட்டார். உங்கள் மகள் எழுந்து நின்று, "எங்க வீட்டில எடுத்ததே இல்ல. எங்க அப்பா போட்டதாக்கும், நெறயவே செய்யாது" என்றாள். உங்கள் குரல், அதே பெருமை. சோமன் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

அம்மிணி அக்காவின் மகள் நந்தனாவுக்கு மஞ்சள்காமாலை என்று போனில் சொன்னேன் இல்லையா. மீதியைச் சொல்லவில்லை. போன வருஷம் இரண்டுமுறை வயிற்றுப்போக்கில் கிடந்த பிள்ளை. இப்போது நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளாகப் படுத்திருக்கிறாள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், கை குச்சி. தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். அம்மிணி அக்கா ஓட்டல் புரோட்டாவைச் சொன்னார், பள்ளிக்கூடக் குழாயைச் சொன்னார். நான் அவர் வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன். நம் குழியிலிருந்து சரியாக ஏழு காலடி, கீழ்ப்பக்கம்.

நிலையத்தில் ஒரு பச்சைப்பொடி உண்டு. தொட்டி ஒழுகுகிறதா என்று பார்க்கக் கக்கூஸில் கரைத்து ஊற்றுவது. கெடுதல் இல்லாதது. சோமன் அண்ணனிடம் கொஞ்சம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் காகிதத்தில் மடித்துத் தந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஊற்றினேன். ஒன்றும் ஆகாது, நம் மண் நல்ல மண் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலையில் அம்மிணி அக்கா வாளியோடு வந்து வாசலில் நின்றார். தண்ணீர் வாழையிலைத் தண்டு நிறத்தில் இருந்தது.

"இதப் பாரு பிள்ளே. உங்க ஸ்டேஷன்காரனுவ கலக்கின மருந்தாக்கும் இது. எம்பிள்ளயக் கெடத்தினது இந்தக் கெணத்து வெள்ளந்தான்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. ஆனால் வாசலில் மாமா உட்கார்ந்திருந்தார், அக்கா அழுதுகொண்டிருந்தார், நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். நிலையம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, நம்மை விடப் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் மேடேறி வராது என்பதை இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இப்போது அந்தப் பச்சைத்தண்ணீர் ஒரு பாட்டிலில் ஊர் சுற்றுகிறது. நிலையத்தை மூட வேண்டும், சோமனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று மனு எழுதி இருநூறு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்னிடமும் கொண்டுவந்தார்கள். அங்கே வேலை செய்கிறவள் எப்படிப் போடுவாள் என்று அம்மிணி அக்காவே எனக்காகப் பேசித் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டு சபையில் பாட்டிலையும் மனுவையும் வைக்கப்போகிறார்கள். மூடினால் லாரிகள் மறுபடியும் ஓடைக்குத்தான் போகும்.

இன்னொன்று கேளுங்கள். பச்சை வந்த நாளிலிருந்து அம்மிணி அக்கா நம் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார். நம் கிணறு குழிக்கு மேல்பக்கம், அதனால் நல்ல தண்ணீர். பரிசோதித்தும் பார்த்துவிட்டேன். காலையில் இரண்டு குடத்தோடு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பிளாஸ்கையும் நிரப்பிக்கொண்டு, "நீ ஒருத்தி இல்லேன்னா நான் என்ன செய்வேன் மக்கா" என்கிறார். கயிற்றை நான்தான் இழுத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார். என்னால் தாங்க முடியவில்லை அத்தான்.

பாட்டிலைப் பார்த்ததுமே சோமன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "நான் தந்த பொடியாக்கும் இது. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். நீ சொல்லுவ என்னு எனக்குத் தெரியும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான்கு நாள் போய்விட்டது.

மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. "அவன் ஊருக்கு வந்து கெட்டிட காண்ட்ராக்ட் தொடங்கணும். அவன் பேரக் கெடுத்துப்போட்டு நீ இந்த வீட்டில இருக்க முடியாது" என்றார். அதன்பிறகு என் கையால் காப்பி வாங்குவதில்லை. அஞ்சு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஏதோ நடக்கிறது என்று அவளுக்கும் தெரிகிறது. நந்தனாவைப் பார்க்கப் போகவேண்டும் என்கிறாள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறேன்.

நம் குழியை மட்டும் சத்தமில்லாமல் மூடிவிட்டு, அடியில் கான்கிரீட் போட்டு ஒழுங்கான தொட்டி கட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். ஒரு வாரத்து வேலை. ஆனால் நீங்கள் போட்ட மற்றக் குழிகளுக்குக் கீழேயும் கிணறுகள் இருக்கின்றன. அங்கேயும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். நம் குழியை மறைத்துவிட்டு அந்த வீடுகளில் எல்லாம் போய் நான் என்ன சொல்லி நம்பவைப்பேன்?

நீங்கள் அங்கே ஆறு பேர் நடுவில், காண்ட்ராக்ட் முடியாமல் அசைய முடியாமல் கிடக்கிறீர்கள். நான் இங்கே சொந்த வீட்டில் அப்படிக் கிடக்கிறேன். வேலைக்குப் போனால் சோமன் அண்ணன் முகம். திரும்பி வந்தால் மாமாவின் முதுகு, மதிலுக்கு அப்பால் அம்மிணி அக்காவின் இருமல். எங்கேயாவது கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்றால் இருப்பது அந்தக் கக்கூஸ்தான். நாங்கள் மூன்று பேரும் இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு வாளி ஊற்றும்போதும் அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள், உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மேஸ்திரியும் அப்படித்தான் போட்டார். அதை எந்தச் சபையிலும் நான் சொல்வேன். ஞாயிறு பத்து மணி என்றால் உங்களுக்கு எட்டரை, வேலையில் இருப்பீர்கள். அதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒதுக்கி அம்மிணி அக்காவை அழைத்து நீங்களே சொல்லிவிட்டால், அதைவிட நல்லது இந்த உலகத்தில் எனக்கு வேறில்லை. அக்கா திட்டுவார். திட்டட்டும். பதில் பேசாமல் கேளுங்கள். நீங்கள் அழைக்காவிட்டால் சபையில் நான் எழுந்து சொல்வேன். எங்கள் வீட்டுக் குழியாக்கும் என்று முதலில் நம் வீட்டைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலையில் துணி கட்டாமல் சாரத்தில் ஏறாதீர்கள். கடவுள் உங்களையும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற பிள்ளையையும் காப்பாற்றட்டும்.

கடைசியாக ஒன்று. கெஞ்சிக் கேட்கிறேன். "சொல்லாதே" என்று சொல்வதற்காக என்னை அழைக்காதீர்கள். பதினாறு வருஷத்தில் உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. உங்கள் குரலைக் கேட்டால் இதையும் தட்டமாட்டேன், எனக்கு என்னைத் தெரியும். அப்படித்தான் சொல்வதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை போனைக் கையிலேயே எடுக்காதீர்கள்.

என்றும் உங்கள்,
பிரசீதா.