இறுக்கிவிட்ட ரப்பரும் அம்மாவின் பின் சீட்டும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே குளிருக்கு ஒழுங்காக மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை தானாகப் போகிறது, பழக்கம், ஆனால் இந்தத் தடவை முடியவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் அம்மா காதில் விழும், அவள் கேட்கக் கூடாத விஷயம் இது, அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். உட்கார்ந்து படி.

அம்மாவுக்கு முதுகுவலி என்றுதான் உன்னிடம் சொல்லி வந்தோம். வெறும் வலி இல்லை, முதுகெலும்பில் கெட்ட கட்டி. எட்டு மாதம் ஆகிறது. புது வேலையில் சேர்ந்திருக்கான், சொன்னா ஓடி வந்து அதையும் கெடுத்துக்குவான் என்று என்னிடமும் உன் தங்கச்சியிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வாரம் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும், போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். நீ விட்டுப்போன காரில்தான் கூட்டிப் போனேன். டாக்சி வச்சுக்கலாம்ப்பா என்று தங்கச்சி தலைகீழாக நின்று பார்த்தாள். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவனோ எதற்கு ஓட்ட வேண்டும் என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். எனக்குப் பக்கத்து முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு, பின் சீட்டில் இரண்டு தலையணை வைத்து, அம்மாவைச் சாய்த்து உட்கார வைப்பேன்.

கிளட்சை விடும்போதெல்லாம் பின்னாலிருந்து தடக் என்று ஓர் உதை வருமே, நீ இருந்த காலத்திலேயே உண்டு, அது இப்போது முற்றிப்போயிருந்தது. ஒவ்வொரு தடக்குக்கும் அம்மா 'ஸ்' என்பாள். ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கு உயிர் போய் வரும். அடியில் படுத்துப் பார்த்தேன். பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியலை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் மூன்று ரப்பர் மவுண்ட்டும் தொளதொளவென்று ஆகி, அந்த இரும்பு உருண்டை துள்ளித் துள்ளி இடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மவுண்ட்டை இறுக்கமாக்குவது எப்படி என்று உன்னைக் கேட்டேன். ஒரு வீடியோ அனுப்பிவிட்டு, இந்த வயசுல ரேஸ் ஓட்டப் போறீங்களாப்பா என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். அந்த வீடியோவின் கடைசியில் அதில் பேசுகிறவன் ஏதோ எச்சரிக்கை சொல்கிறானாம், உன் தங்கச்சி இப்போது பார்த்துச் சொல்கிறாள், செய்முறை முடிந்ததுமே நான் அணைத்துவிட்டிருக்கிறேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

நான் முப்பத்திரண்டு வருஷம் பம்பு ஃபிட்டராக இருந்தவன். எங்கள் தொழிலில் மெஷின் ஆடினால் ஒரே வைத்தியம்தான், போல்ட்டை இறுக்கு, அடியில் கலவையை ஊற்று. எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். ஒரு வாரம் மட்டும் அம்மாவை டாக்சியில் அனுப்பிவிட்டு, பத்து நாள் காருக்கடியில் கிடந்தேன். பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டிஃபரன்ஷியலுக்கு ஜாக்கியை முட்டுக்கொடுத்து, மவுண்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ரப்பருக்கு நடுவே பிறை மாதிரி ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அடியில் டேப் ஒட்டி, இறுகினால் கெட்டி ரப்பராகிவிடும் யூரித்தேன் பசையை இரண்டு டப்பா கலந்து குமிழி வராமல் ஊற்றினேன். இரண்டு நாளில் நகம் பதியாத அளவுக்கு இறுகிப்போனது. தெருமுனை மெக்கானிக், நீ ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவாயே, அதே ஒல்லிதான், இன்னும் ஒரு கிலோ ஏறவில்லை, எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணே அந்த ஓட்டை சும்மா விட்டதில்ல, நடுக்கத்தை அதுதான் முழுங்கும், அடைச்சீங்கன்னா எல்லாம் பாடிக்கு ஏறிடும், பேசாம புது ரப்பர் போடுங்க என்றான். நீ பிறக்கிறதுக்கு முன்னாடியே ஸ்பேனர் பிடிச்சவன்டா நான் என்று விரட்டிவிட்டேன்.

தடக் போயே போய்விட்டது. கொஞ்சம் ரீங்காரம் கேட்டது, முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. எப்படியிருக்கு என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். தண்ணியில போற மாதிரி இருக்குங்க என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் அப்படிப் போனோம். நாலாவது வாரம், நான் வரல, போதும் என்றுவிட்டாள். கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், அசையவில்லை. டாக்சியில் போகிறேன் என்றால் நம் காரில் என்ன குறை என்று நான் கேட்பேனே, அதனால் எதிலுமே வரமாட்டேன் என்றிருக்கிறாள், அது எனக்கு அப்போது எப்படித் தெரியும். உனக்கு வாழணும்னே ஆசை இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து வாரம் போனது.

பிறகு உன் தங்கச்சி லீவு போட்டு வந்தாள். டாக்டரிடம் பேசி வரலாம் என்று அவளே ஓட்டினாள். முன் சீட் தள்ளியே இருந்ததால் நான் பின்னால், அம்மா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட நான் அங்கே உட்கார்ந்ததில்லை. வண்டி வேகம் பிடித்ததும் சீட்டுக்கடியிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி இடுப்பைப் பிடித்தது, அப்படியே முதுகுத்தண்டில் ஏறிப் பல் வரைக்கும் வந்தது. குறையவும் இல்லை, நிற்கவும் இல்லை. கால் மணி நேரம் தாங்கினேன். நல்ல முதுகு உள்ள எனக்கே அப்படி. தலையணையைச் சரி செய்யக் கையை விட்டபோது சீட் இடுக்கில் அம்மாவின் கைக்குட்டை கிடைத்தது, நாலாக மடித்து, பல் பதிந்து பதிந்து ஓரமெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். உன் தங்கச்சியும் அழுதாள். நான் அழுது அவள் பார்த்ததில்லை, பாவம் பயந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கைக்குட்டையை அம்மாவிடம் காட்டி, ஏன்டி சொல்லல என்று கேட்டேன். பத்து நாள் அழுக்குல புரண்டீங்க, எழுந்து வந்தப்ப வேலையில சேர்ந்த புதுசுல இருந்த மாதிரி ஒரு சிரிப்பு, அதை எந்த வாயால கெடுக்கிறது என்றாள். யூரித்தேனைப் பிரித்தெடுக்க வழியே இல்லை, ஒட்டடைக்குச்சிதான் மூன்றையும் அழுத்தி வெளியே தள்ளி, பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய மெத்தென்ற ரப்பரைப் போட்டுக் கொடுத்தான். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தலையைக் குனிந்துகொண்டே வேலை பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு அம்மா மறுபேச்சில்லாமல் வந்தாள். அதற்குள் இடது கால் மரத்துவிட்டது, நானும் தங்கச்சியும் தூக்கித்தான் ஏற்றுகிறோம். டாக்டர் படத்தைப் பார்த்து, அந்த அஞ்சு வாரம் விடாம வந்திருந்தா என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். இனி மருந்து ஏற்றிப் பயனில்லையாம், வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாமாம், அந்த ஊசிக்கு வாரம் ஒரு நாள் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் என்கிறார். அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. திரும்பி வரும்போது, பழைய ரப்பர்தானே, லேசாகத் தடக் என்றது. நான் பதறிக் கண்ணாடியில் பார்த்தேன். இதுவே தேவலைங்க, ஒரு அடி அடிச்சிட்டு விட்டுடுது என்றாள்.

லீவு போட்டுக்கொண்டு உடனே வா. சும்மா லீவு கிடைத்தது என்று அவளிடம் சொல், போனில் எதையும் கேட்டுவிடாதே. தங்கச்சி வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள், நீ வந்ததும் ஏன் மறைச்சே என்று அவள் மேல் பாயாதே, திட்டுவதென்றால் என்னைத் திட்டு. மருமகளிடம் பக்குவமாகச் சொல், குட்டி முன்னால் அழாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் வராமல் நூறு வயசு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. வந்ததும் பழக்கத்தில் கார் சாவியைக் கேட்பாய். கேட்காதே. நான் ஓட்டுகிறேன். நீ பின் சீட்டில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வா, வலிக்குதா என்று அவளிடம் கேட்காதே, அவள் உண்மை சொல்லமாட்டாள், கையைப் பிடித்துக்கொண்டு பார்த்து என்னிடம் சொல்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா